‘தரவு இல்லை’ என்று போட்ட மதியம்

நம்ம சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளே,

போன வாரம் உங்களில் ஒரு தம்பி கேட்டார். “அண்ணாச்சி, மத்த ஊர்க் கூட்டத்துல எல்லாம் சாப்ட்வேர்ல புது வசதி வந்த உடனே அடுத்த வாரமே செஞ்சு காட்டுதாவ. நாம மட்டும் செய்தியை வாசிச்சுட்டு, டீயைக் குடிச்சுட்டுக் கலைஞ்சிருதோம். ஏன் நம்ம கூட்டம் இப்படித் தூங்கி வழியுது?” கேட்டது சரிதான். நான்தான் பதில் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வாயால் சொல்லத் தெம்பில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் கல்லூரியில் கணினி படித்தவன் இல்லை. பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் கடையில் உட்கார்ந்து, அங்கன இங்கன கேட்டு, தரவுத்தளம் கற்றுக்கொண்டவன். கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் கடைசி வரை ஓட்டி, இப்போது ஓய்வில் இருக்கிறேன். எந்த வெர்ஷன் எப்போது வந்தது என்று கேட்டால் முழிப்பேன். யார் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள், அச்சுப் பிசகாமல் சொல்வேன். நம்ம கூட்டத்து இசக்கியின் அம்மாவிடம் “மவன் என்ன வேலை பாக்கான்?” என்று யாரோ கேட்டதற்கு, “கம்ப்யூட்டருக்குள்ள குழாய் வேலை பாக்கான், எங்கயோ ஒழுகுதாம், ராத்திரி எல்லாம் கூப்பிடுதாவ” என்றார்களாம். நம் தொழிலுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எந்தக் கம்பெனியும் எழுதவில்லை. நாம் கூடுகிற மாடிக்குக் கீழே டீ போடுகிறவர் சொன்னது இன்னொன்று. “இவனுவ வாரவாரம் கூடிக் கூடிப் படிக்கானுவ, பரீட்சை மட்டும் வரவே மாட்டேங்கு.”

பரீட்சை வந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

அப்போது நம் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ‘கேட்டதைக் கட்டு’ என்று பெயர். நாம் எல்லோரும் வேலை பார்த்துச் சோறு தின்கிற தரவுத்தள மென்பொருளின் புதுச் செய்திகளை ஒருவர் சத்தமாக வாசிப்பார். வாசித்ததில் ஏதாவது ஒரு வசதியை, அடுத்த சனிக்கிழமைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் பொருத்திக் காட்ட வேண்டும். விளையாட்டுக்குச் செய்துபார்த்த மாதிரிகள் செல்லாது. நிஜமான ஆள் யாராவது நிஜமாகப் பார்க்கிற ஒன்றில் பொருத்தியிருக்க வேண்டும். பொருத்திக் காட்டினால் கைதட்டு, காட்டாவிட்டால் எல்லாருக்கும் வடை வாங்கித் தர வேண்டும். அந்த வழக்கத்தால் நம் பிள்ளைகள் வேகமாகக் கற்றார்கள். சென்னைக்காரர்களே நம்மிடம் சந்தேகம் கேட்ட காலம் அது. மறைக்கவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

நிஜமான ஆள் பார்க்கிற ஒன்று நம்மிடம் இருந்தது. அது இணையத்தில் இருந்த ஜெமீலாவின் ஆற்றுப் பக்கம்.

ஜெமீலாவை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் கூட்டத்தில் அவள் அளவுக்குக் கறாரான ஆள் கிடையாது. அவளுடைய வாப்பாவுக்கு ஏரலில், ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடை. உம்மா போன பிறகு கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறையில் வாப்பா தனியாக இருந்தார். ஒவ்வொரு மழைக்கும் யாராவது “தண்ணி வருது, தண்ணி வருது” என்று புரளி கிளப்ப, அவர் துணிக்கட்டுகளை ஏற்றி இறக்கியே இடுப்பு போயிற்று. அதற்காகத்தான் அவள் அந்தப் பக்கத்தைக் கட்டினாள். ஏரலுக்கு மேற்கே ஒரு சின்னப் பாலத்தின் தூணில், கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு, ஒரு கருவியை மாட்டினோம். அது தண்ணீரின் மட்டத்தை அளந்து சிம் கார்டு வழியாக அனுப்பும். இணையப் பக்கத்தில் எண் வரும். பயமில்லை என்றால் பச்சை, பார்த்துக்கொள் என்றால் மஞ்சள், ஓடு என்றால் சிவப்பு.

வாப்பாவுக்காகக் கட்டினதை ஊரே பார்க்க ஆரம்பித்தது. வாப்பா தினமும் காலையில் மகளுக்குப் போன் போட்டு, “இன்னைக்கு உன் ஆறு நல்லாருக்கு” என்பார். தாமிரபரணியை ‘உன் ஆறு’ என்று மகளிடம் சொன்ன ஒரே மனுஷன் அவராகத்தான் இருப்பார்.

ஒரு தடவை மானம் போனது. கருவியின் கண்ணில் சிலந்தி வலை கட்ட, கோடை வெயிலில் பக்கம் சிவப்பாகிவிட்டது. நாலைந்து கடைக்காரர்கள் சாமான்களை ஏற்றிவிட்டு, பிறகு ஆற்றைப் போய்ப் பார்த்தால் மணல் தெரிகிறது. வாப்பாவைத் தெருவில் விட்டார்களா? “பாய், ஒம்ம மவ ஆத்துல தண்ணி வராட்டியும் வெள்ளம் வருதே. அவளை விவசாயத் துறைக்கு அனுப்பும்வே.” அன்றைக்கு ஜெமீலா என்னிடம் சொன்னாள். “அண்ணாச்சி, இனிமே தெரியாத எதையும் நான் போட மாட்டேன்.”

இன்னொரு தொந்தரவும் இருந்தது. சிம் அடிக்கடி சிக்னல் இழக்கும். அந்த நேரம் எண் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கும். உடனே ஏரலில் இருந்து போன் மேல் போன்: பக்கம் கெட்டுப்போச்சா, ஏன் ஒண்ணும் வரலை?

அப்படி இருக்கும்போதுதான் ஒரு சனிக்கிழமை இசக்கி செய்தி வாசித்தான். டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி கழுத்தை நேராக வைத்துக்கொண்டு வாசிப்பான், நாங்கள் சிரிப்போம். புதிய வெளியீட்டில் ஒரு வசதி வந்திருந்தது. விடுபட்ட இடத்தைத் தளம் தானாகவே நிரப்பும். எதை வைத்து? கடைசியாக வந்த எண்ணை வைத்து. ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். அந்த வாரமே இசக்கி அதை ஆற்றுப் பக்கத்தில் பொருத்திவிட்டான். ஜெமீலாவிடம் கேட்டுத்தான் பொருத்தினான். சிக்னல் போய் வரும் அந்தச் சின்னச் சின்ன ஓட்டைகள் மறைந்துபோயின. அடுத்த கூட்டத்தில் நல்ல கைதட்டு. வாப்பாவும் போனில் சொன்னார். “இப்பத்தான் உன் ஆறு விக்காம ஓடுது.”

பிறகு அந்த மார்கழி மழை வந்தது. அதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் அவரவர் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற இடம் தெரியும்.

கூட்டத்துக்கு அன்று வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வந்தவர்களும் திரும்ப முடியவில்லை. கீழே தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜை வைத்துக்கொண்டு, மாடியில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தோம். ஜெமீலா வாப்பாவிடம் பேசியிருந்தாள். “மழைதான் பேயுது, ஆறு பச்சையாத்தான் இருக்கு, நீ பதறாத” என்றிருந்தார் அவர்.

இசக்கி பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “அக்கா, ஆறு அடங்கிட்டு போலயே. காலையில இருந்து ஒரே மட்டம்” என்றான்.

“ஒரே மட்டம்னா?”

“நூல் புடிச்ச மாதிரி.”

ஜெமீலா கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். “மழை இந்தக் கொட்டு கொட்டுது. ஆறு எப்படிலே நூல் புடிச்ச மாதிரி நிக்கும்?”

அவள் பக்கத்தை மூடிவிட்டு, கருவி அனுப்புவது நேராக வந்து விழும் இடத்தைத் திறந்தாள். அங்கே காலையிலேயே வரத்து நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு பக்கத்தில் வந்த எண் எல்லாம் அந்தக் கடைசி எண்ணின் நகல். சின்ன ஓட்டையை அடைக்க வைத்த ஏற்பாடு, அன்றைக்குக் காலை பூராவும் இல்லாத ஆற்றைப் பச்சையாக ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. ஏரல் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இசக்கி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். “சிவப்பு போட்டுருவோம் அக்கா.”

“மட்டம் எவ்வளவுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“கருவி முங்கிச்சா, சிம் செத்துச்சா, பெட்டியை எவனும் கழத்திட்டுப் போயிட்டானா? அதாவது தெரியுமா?”

“தெரியாது. ஆனா முங்கித்தான் இருக்கும்.”

“‘இருக்கும்’னு ஒரு நிறம் நம்மகிட்ட கிடையாதே, தம்பி.”

திட்டிச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னாள். அப்படி ஒரு நிறம் இருந்தால் யாராவது கொடுங்களேன் என்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தாள். “அண்ணாச்சி?”

நான் என்ன சொல்வேன்? இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் என்ன சொல்வார்களோ அதைத்தான் சொன்னேன். “இல்லாததை இல்லைன்னு போடு.” நாளைக்கு உங்களில் யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவள் நிரப்புகிற ஏற்பாட்டை நிறுத்தினாள். பச்சை போயிற்று. எண் இருந்த கட்டத்தில், சாம்பல் நிறத்தில், ‘தரவு இல்லை’ என்று போட்டாள். பதறாமல், செய்ய வேண்டிய வரிசையில் செய்தாள். எத்தனையோ பெரிய கம்பெனிகளில் எத்தனையோ பேர் நெருக்கடியில் சொதப்புவதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஜெமீலா செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. இதை நீங்கள் மறக்கக் கூடாது. மீதிக் கதை அதற்கு மேலேதான் நிற்கிறது.

வாப்பாவுக்குப் போன் போகவே மாட்டேன் என்றது. அடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு வழியாகப் போனது. மழைச் சத்தத்தில் கேட்காதென்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“வாப்பா, எங்க நிக்கிய?”

“கடையிலதாம்மா. கீழ்த்தட்டுத் துணியை மேல ஏத்துதேன். உன் ஆறு என்ன ஆச்சு? இம்புட்டு நேரம் பச்சையால்லா இருந்திச்சு, இப்ப சாம்பலா கெடக்கு.”

“அதை விடுங்க. கடையைப் பூட்டிட்டு மாமி வீட்டு மாடிக்குப் போங்க. இப்பமே போங்க.”

“போறேன், போறேன். நம்பர் வரட்டும், ஒரு பார்வை பாத்துட்டுப் போறேன்.”

“நம்பர் வராது வாப்பா. கருவி…”

“என்னது? கேக்கல. நீ பைய சரி பண்ணும்மா, ஒண்ணும் அவசரம் இல்ல. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

அதோடு போன் அறுந்துபோனது. அப்புறம் போகவே இல்லை.

ஜெமீலா மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள். இனிமேல் தெரியாத எதையும் போட மாட்டேன் என்றவள், பக்கத்தைச் சிவப்பாக்கினாள். கட்டத்துக்குள் எண் போடவில்லை. ‘வாப்பா மாடிக்குப் போங்க’ என்று போட்டாள். ஊரே பார்க்கிற பக்கத்தில், ஒரு மகள் தன் தகப்பனுக்கு எழுதிய வரி. அதற்குள் ஏரல் வட்டாரத்துச் செல்போன் டவர்கள் செத்துவிட்டன. அந்த வரியை ஏரலில் ஒருவர்கூடத் திறந்து பார்த்திருக்க முடியாது. சென்னையில் இருந்தும் துபாயில் இருந்தும் ஆட்கள் பார்த்துவிட்டு, என்ன இது என்று எங்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் வடிந்து ரோடு திறந்ததும் அவளோடு நானும் இசக்கியும் போனோம். எதிர்க்கடைக்காரர் நாடார் அண்ணாச்சி ஒருவர் எங்களைக் கண்டதும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர்தான் சொன்னார். “நாங்க கூப்பிட்டோம் தாயி. தெருவுல தண்ணி ஏறுது, வாரும் பாய்னு கையைப் புடிச்சு இழுத்தேன். போனைக் காட்டுதாரு. ‘பச்சையும் இல்ல, சிவப்பும் இல்ல. எம் புள்ள சரி பண்ணிக்கிட்டு இருக்கா. சிவப்புன்னா போட்டிருப்பாள்லா? இந்தா இப்ப போட்டுருவா, நீரு முன்னால போரும்’னாரு. நான் போயிட்டேன்.”

அதற்குப் பிறகு கடைச் சுவர் இடிந்து தண்ணீர் ஒரே மூச்சில் உள்ளே புகுந்திருக்கிறது. துணிக்கட்டுகளுக்கு நடுவே அவரை எடுத்தார்கள். அடக்கத்துக்கு ஊர் முழுக்க வந்தது, தங்கள் வீட்டுச் சேற்றை அப்படியே விட்டுவிட்டு.

தம்பி தங்கச்சிகளே, இப்படிப் ‘பணி அனுபவங்கள்’ எழுதினால் கடைசியில் ஒரு பாடம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஓட்டையை நிரப்பாதே என்பது பாடம் என்று நினைத்தால், அது பாதிதான். அந்தப் பாதியை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம்.

மழைக்குப் பிறகு கூடிய முதல் கூட்டத்துக்கு ஜெமீலா வந்தாள். வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. இசக்கி எழுந்து நின்றான். “அக்கா, நான்தான்… அந்தப் பொத்தானை நான்தான்…”

“உக்காரு” என்றாள். “நீ நிரப்பினது தப்பு. நான் அழிச்சது சரி. வாப்பா அந்தச் சரியை நம்பித்தான்லே நின்னாரு. பச்சையாவே இருந்திருந்தா, தெருக்காரங்க இழுக்கும்போது ஒருவேளை ஆத்தைப் பாத்திருப்பாரு. இல்லைன்னு போட்டதும், நான் அங்கன உக்காந்து வேலை பாக்கேன்னு நெனச்சுட்டாரு. நான் வேலைதான் பாத்தேன்.”

அவளே மறுபடி சொன்னாள். “காலிக் கட்டத்தையும் சனங்க வாசிக்காங்க அண்ணாச்சி. அதுல அவங்களுக்கு வேண்டியதை வாசிக்காங்க. நாம என்ன எழுதணும்?”



அதன் பிறகு அவள் கூட்டத்துக்கு வரவில்லை. தொழிலை விட்டுவிட்டாள் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். விடவில்லை, தன் தம்பியின் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள், சம்பளம் வேண்டும். ஏதோ ஒரு சோப்புக் கம்பெனியின் விற்பனை எண்களைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு நாள் சந்தையில் பார்த்தபோது கேட்டேன், வேலை எப்படிப் போகுது என்று. “நிரப்பச் சொல்லுதாவ, நிரப்புதேன். அதைப் பாத்துக்கிட்டு அங்க யாரும் தண்ணியில நிக்கல” என்றாள். வெளியூர்க் கூட்டம் ஒன்று அவளைப் பேசக் கூப்பிட்டது, அனுபவத்தைப் பகிரச் சொல்லி. அழைப்பில் அவள் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு அலை வரைந்திருந்தார்கள். அவள் பதிலே போடவில்லை.

நம் கூட்டம் ‘கேட்டதைக் கட்டு’ வழக்கத்தை விட்டது அப்படித்தான். யாரும் தீர்மானம் போடவில்லை. அடுத்த வாரம் யாரும் எதையும் கட்டிக்கொண்டு வரவில்லை, யாரும் வடை கேட்கவும் இல்லை. அதற்குச் சில மாதம் கழித்து இசக்கி செய்தி வாசிக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டான். வாங்கிப் பார்த்தேன். நிரப்புகிற அந்த வசதிக்கு நல்ல வரவேற்பாம். இனி பொத்தானைத் தட்ட வேண்டாமாம், எல்லாருக்கும் தானாகவே ஓடுமாம். நீங்கள் எல்லோரும் அதற்குப் பிறகு வந்தவர்கள். உங்களுக்கு அது ஒரு வசதி என்றே தெரிந்திருக்காது. தண்ணீர், காற்று மாதிரி அது இருக்கிறது. போய் உங்கள் பக்கங்களை ஒரு தடவை பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை.

ஆற்றுப் பக்கத்தை எடுத்துவிட்டோம். இணைய முகவரி மட்டும் என் பேரில் இருக்கிறது. மேற்கே மூட்டம் போட்டால் ஏரலில் இருந்து ஆட்கள் இன்னும் அதைத் திறக்கிறார்கள். வெள்ளையாக ஒன்றுமில்லாமல் வரும். மூடிவிட்டு மறுபடி திறக்கிறார்கள், வந்துவிடும் என்று. பொறுக்க முடியாமல், போன ஐப்பசியில் அதில் ஒரு வரி எழுதி வைத்தேன். ‘இந்தப் பக்கம் மூடப்பட்டது. இதைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.’ கீழே என் போன் நம்பரையும் போட்டேன்.

மழை வலுத்த ஒரு நாள் காலையில் ஏரலில் இருந்து ஒரு அம்மா கூப்பிட்டார்கள். பின்னால் பிள்ளைகள் சத்தம்.

“அண்ணாச்சி, ஆத்தைப் போடுதவுகதான? மூடிட்டோம்னு எழுதியிருக்கே. அப்பம் தண்ணி வராதுன்னுதான் அர்த்தம்?”

“அப்படி இல்லம்மா. வருமா வராதான்னு எங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம்.”

அவர்கள் குரல் தெளிந்து வந்தது.

“உங்களுக்கே தெரியலைன்னா, பெருசா ஒண்ணும் இருக்காது அண்ணாச்சி. ரொம்ப நல்லது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.